தேவசித்தமும் சம்பா கோவில் சுவரும்

புதுச்சேரி மிஷன் வீதியில் இருக்கும் மாதா கோவிலை ஊர்க்காரர்கள் சம்பா கோவில் என்கிறார்கள். மாதாவுக்கும் சம்பாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் பலரும் விழிப்பார்கள். இந்தியாவில் யேசுசபையாரின் இருப்பிடங்களுக்குக் கோவாவிலிருந்தே ஒட்டிக்கொண்டு வந்த போர்த்துக்கீசியப் பெயர் சான் பாவ்லோ. அது தமிழ் வாயில் தேய்ந்து சம்பா ஆயிற்று. 1761இல் ஆங்கிலேயர் ஊரைத் தரைமட்டமாக்கியபோது பழைய கோவிலும் போயிற்று. இன்று நாம் பார்க்கும் கட்டிடம் 1791இல் முடிந்தது. பழைய கத்தோலிக்கத் தமிழில் சின்னப்பர் என்றழைக்கப்பட்ட பவுல் என்ற மனிதர், பெயரின் ஒரு துணுக்காக மட்டும் அங்கே மிஞ்சியிருக்கிறார்.

இந்தத் துணுக்கிலிருந்து ஆரம்பிக்க எனக்குக் காரணம் இருக்கிறது. மனிதன் சுதந்திரமாகத் தேர்கிறானா, அல்லது எல்லாம் தேவசித்தமா என்ற கேள்வி கிறிஸ்தவத்தில் பவுலிடமிருந்து தொடங்குகிறது. ரோமருக்கு எழுதிய நிருபத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் அவர் குயவனைக் கொண்டுவருகிறார். ஒரே களிமண்ணிலிருந்து ஒரு பாத்திரத்தை மேன்மையான காரியத்துக்கும் இன்னொன்றை இழிவான காரியத்துக்கும் வனைய அவனுக்கு உரிமை இல்லையா என்று கேட்கிறார். சாதி உள்ள ஊரில் இந்த வாக்கியத்தைப் படிப்பதும், சாதி இல்லாத ஊரில் படிப்பதும் ஒன்றாக இருக்க முடியாது. இங்கே அது எப்படிப் படிக்கப்பட்டது என்பதே என் விஷயம்.

நம் வட்டத்தில் 'தேர்வு', 'சுதந்திரம்' என்று எழுதும்போது சார்த்தரிலிருந்து ஆரம்பிக்கிறோம். 'விதி' என்று எழுதும்போது மௌனியைத் தொட்டுவிட்டு நின்றுவிடுகிறோம். இரண்டுக்கும் நடுவே முந்நூறு வருஷத் தமிழ் வாதம் ஒன்று நம் கடற்கரையிலேயே நடந்திருப்பதை நாம் கவனித்ததில்லை. பாதிரிமார் எழுதியது என்பதால் அதை மொழிவரலாற்றுக்காரர்களிடம் விட்டுவிட்டோம் என்று படுகிறது.

ஐரோப்பியச் சச்சரவைச் சுருக்கமாகவேனும் சொல்லியாக வேண்டும். ஐந்தாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் பெலாகியுஸ் என்ற துறவி, மனிதன் முயன்றால் நல்லவனாக முடியும், முடியாத ஒன்றைக் கடவுள் கட்டளையிடமாட்டார் என்றார். அகஸ்டின் மறுத்தார். ஆதாமோடு மனிதனின் சித்தமே வளைந்துவிட்டது. அது நன்மையை விரும்புவதற்கே முன்கூட்டி அருள் தேவை. அந்த அருள் யாருக்கு என்பது கடவுளின் இரகசியம். பெலாகியுஸின் கட்சி 418இல் கண்டிக்கப்பட்டது. ஆனால் கேள்வி தீரவில்லை. 1524இல் எராஸ்மஸ் மனித சுயாதீனத்துக்கு ஆதரவாக எழுத, அடுத்த வருஷம் லூத்தர் அடிமைப்பட்ட சித்தத்தைப் பற்றி எழுதினார். கத்தோலிக்கத் தரப்பு 1547இல் திரெந்து சங்கத்தில் ஒரு நடுநிலையை எட்டியது: சித்தம் பலவீனப்பட்டது, அழிந்துவிடவில்லை, அருள் முந்துகிறது, மனிதன் இணங்கவும் மறுக்கவும் முடியும்.

மறுக்க முடியுமென்றால் கடவுளின் ஆட்சி எங்கே போயிற்று? இதற்குப் பதில் சொல்ல 1588இல் ஸ்பெயின் நாட்டு யேசுசபையாளர் மோலினா ஒரு நூல் வெளியிட்டார். ஒவ்வொரு மனிதனும் ஒவ்வொரு சூழ்நிலையிலும் தன்னிச்சையாக என்ன செய்வான் என்பது கடவுளுக்கு முன்பே தெரியும்; அவர் சித்தத்தை நெருக்குவதில்லை, சூழ்நிலையை ஏற்பாடு செய்கிறார்; மனிதன் சுதந்திரமாகவே இணங்குகிறான். தோமினிக்கன் சபையார், குறிப்பாகப் பாஞெஸ், இதைக் கேட்டுக் கொதித்தார்கள். கடவுளின் அறிவு மனிதனின் முடிவுக்காகக் காத்து நிற்பதா என்பது அவர்கள் கேள்வி. ரோமாபுரியில் போப்பாண்டவரின் முன்னிலையில் வருஷக்கணக்கில் விசாரணை நடந்தது. 1607இல் ஐந்தாம் பவுல் இரு கட்சிகளையும் வீட்டுக்கு அனுப்பினார். ஒருவரையொருவர் பதிதர் என்று ஏசக்கூடாது என்றார். தீர்ப்பு இன்றுவரை இல்லை.

அதற்கு முந்தின வருஷம், 1606இல், அதே யேசுசபையைச் சேர்ந்த ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்து சேர்ந்தார். அவர் இங்கே சந்தித்தது வெற்றிடத்தை அல்ல. திருக்குறளில் ஊழ் என்று ஓர் அதிகாரம், ஆள்வினையுடைமை என்று ஓர் அதிகாரம். முன்னதின் கடைசிக் குறள் ஊழை மிஞ்சியது ஒன்றுமில்லை என்கிறது. பின்னதின் கடைசிக் குறள் அசராமல் உழைப்பவர் ஊழையே புறமுதுகிடச் செய்வர் என்கிறது. வள்ளுவர் இரண்டையும் சொல்லிவிட்டு சமரசம் செய்ய முயலவில்லை. வைணவத்தில் குரங்குக்குட்டியும் பூனைக்குட்டியும் கட்சி பிரிந்திருந்தன. தாயை இறுகப் பற்ற வேண்டும் என்றது வடகலை. பூனை தானே கவ்விக்கொண்டு போகும் என்றது தென்கலை. மோலினாவும் பாஞெஸும் ரோமாபுரியில் கிளப்பிய பிரச்சினைக்கு இங்கே விலங்குகளின் பெயரால் வழக்குத் தீர்ப்பு தேடிக்கொண்டிருந்தார்கள்.

நொபிலி எதிர்க்க வேண்டியிருந்தது இவற்றையல்ல, கர்மக் கொள்கையை. பிறப்பு முன்வினையின் கூலி என்றால் யேசுவின் பாடு எதற்கு? புனர்ஜென்ம ஆக்ஷேபம் என்று பெயரிலேயே தன் காரியத்தைச் சொல்லும் நூலை அவர் எழுதினார். மறுபிறப்பைத் தள்ளினால் தலையெழுத்தும் தள்ளப்படுகிறது. மனிதன் ஒரே தடவை பிறக்கிறான், அவன் ஆத்துமா புதிதாகச் சிருஷ்டிக்கப்பட்டது, பழைய கணக்கு எதுவும் அதன்மேல் இல்லை. தமிழில் இதைப்போல ஒரு பலமான சுதந்திரப் பிரகடனம் அதற்கு முன் எழுதப்பட்டிருக்கிறதா என்று சந்தேகம்.

ஆனால் அதே நொபிலி பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவை சமய அடையாளங்கள் அல்ல, குல அந்தஸ்தைக் காட்டும் லௌகிக வழக்கங்கள் என்று வாதாடினார். 1623இல் பதினைந்தாம் கிரகோரியார் அதை ஏற்று அனுமதி தந்தார். கூடவே, உயர்குடியினர் தாழ்ந்தோரைக் கோவிலுக்குள்ளேனும் இகழ வேண்டாம் என்று வேண்டிக்கொண்டார். வேண்டிக்கொண்டார், கட்டளையிடவில்லை. 1640 முதல் தாழ்ந்த சாதியாருக்கென்று பண்டாரசுவாமிகள் என்ற தனிப் பாதிரிமார் ஏற்பட்டார்கள்.

இங்கே நடந்ததைக் கூர்ந்து பார்க்க வேண்டும். சாதிக்கு இந்த நாட்டில் சொல்லப்பட்ட முக்கிய நியாயம் கர்மம். அந்த நியாயத்தைப் பாதிரிமார் முழுசாக மறுத்தார்கள். மறுத்துவிட்டு, நியாயம் போன பிறகும் சாதியை லௌகிகம் என்று பெயரிட்டு வைத்துக்கொண்டார்கள். கர்மம் இருந்தவரை பறையனுக்கு அடுத்த பிறவி என்று ஒரு பொய்யான தேறுதலாவது உண்டு. ஞானஸ்நானம் பெற்றவனுக்கு அதுவும் இல்லை. அவன் ஏன் அப்படிப் பிறந்தான் என்ற கேள்விக்கு வேதசாஸ்திரத்தில் பதில் கிடையாது, ஏனென்றால் அது வேதசாஸ்திர விஷயமே அல்ல என்று சொல்லியாயிற்று.

நொபிலி 1656 ஜனவரி 16இல் மயிலாப்பூரில் இறந்தார். ஒரு வாரம் கழித்து, ஜனவரி 23ஆம் தேதியிட்டு, பாரிஸில் பாஸ்கலின் நாட்டுப்புறக் கடிதங்களில் முதலாவது வெளிவந்தது. யான்செனிய கட்சிக்காக, அதாவது அகஸ்டினின் அருள் கொள்கைக்காக, யேசுசபையாரைக் கிழித்தெறிந்த கடிதங்கள் அவை. போதுமான அருள் எல்லோருக்கும் உண்டு, ஆனால் அது போதாது என்கிற வார்த்தை ஜாலத்தை அவர் கேலி செய்கிற இடம் பிரெஞ்சு உரைநடையின் சிகரங்களில் ஒன்று. ஐந்தாம் கடிதத்தில் திடீரென்று இந்தியாவும் சீனாவும் வருகின்றன. அங்கே யேசுசபையார் கிறிஸ்தவர்களை விக்கிரக ஆராதனைக்கே விட்டுவிடுகிறார்கள், ஆடைக்குள் யேசுவின் படத்தை மறைத்துவைத்து மனசால் அதற்கு வணக்கம் செலுத்தச் சொல்கிறார்கள் என்று குற்றம் சாட்டுகிறார்.

பாஸ்கலின் தகவல் கேள்விஞானம்தான். ஆனால் அருள் பற்றிய வாதத்தையும் இந்திய வழக்கங்கள் பற்றிய வாதத்தையும் அவர் ஒரே மூச்சில் பேசியது தற்செயல் அல்ல என்பது என் எண்ணம். சூழ்நிலையை ஏற்பாடு செய்தால் சித்தம் தானே இணங்கும் என்பது மோலினாவின் கடவுளுக்குரிய உபாயம். நொபிலி அதைப் பாதிரியின் உபாயமாக்கினார். காவி, சமஸ்கிருதம், குலமுறை எல்லாம் ஏற்பாடு செய்த சூழ்நிலைகள். பாஸ்கலின் கண்ணுக்கு இது அருளின்மேல் நம்பிக்கையில்லாதவன் செய்யும் தந்திரம். இந்தியப் புலமையோடு ஒரு வெளிநாட்டார் நெருங்கிய உறவு கொண்டதும் இதே தந்திரத்தால்தான் என்பதை நாம் மறக்கக்கூடாது. தூய அருள்வாதி குடுமி வைத்துக்கொண்டு சமஸ்கிருதம் படித்திருக்கமாட்டான்.

சச்சரவு புதுச்சேரிக்கு வந்தது 1703 நவம்பரில், போப்பாண்டவரின் பிரதிநிதி துர்னோனோடு கப்பலில். அடுத்த ஆண்டு ஜூனில் அவர் பதினாறு விதிகள் கொண்ட ஆணை பிறப்பித்தார். பிள்ளையார் உருவம் பொறித்த தாலி கூடாது. கல்யாணத்தில் தேங்காய் உடைத்து சகுனம் பார்க்கக் கூடாது. தீட்டு என்று பெண்களைக் கோவிலிலிருந்து விலக்கக் கூடாது. சாகக் கிடக்கும் பறையனின் குடிசைக்குள் போய்த் தேவதிரவிய அனுமானங்களைக் கொடுக்கப் பாதிரி மறுக்கக் கூடாது. புதுச்சேரியில் கப்புச்சின் சபையார் ஆணையின் பக்கம் நின்றார்கள், யேசுசபையார் மேல்முறையீடு செய்தார்கள். சீனாவிலிருந்து வந்த யேசுசபை ஆயர் விஸ்தெலு தன் சபையாரோடு முரண்பட்டுக் கப்புச்சின் மடத்திலேயே 1737இல் சாகும்வரை தங்கியிருந்தார். அவருக்கு இரங்கல் பிரசங்கம் செய்த கப்புச்சின் நொர்பெர் பின்னால் ஐரோப்பாவுக்குத் திரும்பி யேசுசபையாருக்கு எதிராக ஒரு பெரிய நூலையே அச்சிட்டார்.

துர்னோனின் ஆணையை உறுதிசெய்த அதே பதினோராம் கிளமெந்துதான் 1713இல் பிரான்சின் யான்செனியர்களைக் கண்டித்து 101 வாக்கியங்களைத் தள்ளினார். அதாவது பாரிஸில் யேசுசபையாரின் சுயாதீனக் கட்சி ஜெயித்தது, புதுச்சேரியில் அவர்களுடைய சூழ்நிலைக் கொள்கை தோற்றது. ஒரே ஆள் கையெழுத்தில்.

இதற்கு நடுவேதான் நைனியப்ப பிள்ளை வழக்கு. 1708இல் கம்பெனியின் தலைமைத் தரகர் ஆனவர். அந்தப் பதவியில் கிறிஸ்தவரே இருக்க வேண்டும் என்று யேசுசபையார் நெருக்கினார்கள். மதம் மாறும்படி அவரிடம் சொல்லப்பட்டது; மாறவில்லை. 1716இல் ஆளுநர் எபேர் காலத்தில் கைதானார். கடைத்தெருவில் ஐம்பது கசையடி, மூன்று வருஷச் சிறை, சொத்துப் பறிமுதல். 1717இல் சிறையிலேயே இறந்தார். மகன் குருவப்ப பிள்ளை பிரான்சுக்குப் போய் நியாயம் கேட்டார். தந்தையின் பெயர் மீண்டது. ஆனால் மகன் பாரிஸில் ஞானஸ்நானம் பெற்று, அரசப் பிரதிநிதியின் ஞானப்பிள்ளையாகி, செவாலியே பட்டத்தோடு திரும்பித் தந்தையின் பதவியில் உட்கார்ந்தார். 1724இல் இறந்தார்.

தேவசித்தத்தின் மகா ஆசிரியரான அகஸ்டினே, தோனாத்தியர்கள் விஷயத்தில், விருந்துக்கு வராதவர்களை வற்புறுத்தி அழைத்துவரச் சொல்லும் லூக்காவின் உவமையை அரசாங்கப் பலாத்காரத்துக்கு ஆதாரமாக்கினார். புதுச்சேரியில் அந்த வேலையைச் சுயாதீனக் கட்சியின் சீடர்கள் செய்தார்கள். கொள்கை எதுவானாலும் கசை ஒன்றுதான் போலும். ஆனால் ஒன்று பாக்கியிருக்கிறது. மனிதனால் மறுக்க முடியும் என்று திரெந்து முதல் மோலினாவரை சொல்லிவந்ததற்கு இந்த ஊரில் உயிருள்ள நிரூபணம் நைனியப்ப பிள்ளைதான். அவர் மறுத்தார். மகன் இணங்கியது அருளா, ஆதாயமா என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு வழியில்லை. சித்தத்துக்குள் எட்டிப் பார்க்கச் சாளரம் கிடையாது என்பதில் மோலினாவும் பாஞெஸும் ஒத்துப்போயிருப்பார்கள்.

அடுத்து வந்த தரகர் கனகராய முதலியார் கிறிஸ்தவர். மகனை 1739இல் பறிகொடுத்தவர், அவன் நினைவாக ஒழுகரையில் கட்டிய அந்திரேயர் கோவில் 1745இல் முடிந்தது. தமிழிலும் பிரெஞ்சிலும் கல்வெட்டு உண்டு. திறப்புவிழாவில் எல்லாச் சாதியாருக்கும் அவரவர் முறைப்படி விருந்து நடந்ததை ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் கொஞ்சம் நக்கலோடு பதிகிறார்.

அதே 1745 அக்டோபரில் நாட்குறிப்பில் இன்னொரு சம்பவம் வருகிறது. சம்பா கோவிலுக்குள் ஆதியிலிருந்தே ஒரு சுவர் இருந்தது. ஒரு பக்கம் பறையர் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் சாதிக் கிறிஸ்தவர்களும் ஐரோப்பியரும். காரைக்காலிலிருந்து வந்த ஒரு பாதிரி தூண்ட, பறையர்கள் கூட்டமாகப் போய்ப் பெரிய பாதிரியிடம் முறையிட்டார்கள். நாங்களும் உங்கள் சீஷர்கள் என்றால், கர்த்தர் வேற்றுமை பாராட்டுவதில்லை என்பது மெய்யானால், இந்தச் சுவர் எதற்கு என்பது அவர்கள் வாதத்தின் சாரம். பாதிரி நியாயம் என்று ஒப்புக்கொண்டு சுவரை இடிக்கச் சொன்னார். சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்து எழுந்தார்கள்.

முந்தின ஆண்டுதான், 1744 செப்டம்பரில், பதினான்காம் ஆசீர்வாதப்பர் மலபார் சடங்குகள் பற்றிய இறுதிக் கட்டளையை வெளியிட்டிருந்தார். பறையருக்கென்று தனிப் பாதிரிமாரை நியமிப்பதாக யேசுசபையார் சொன்ன யோசனையை அதில் அவர் ஏற்றுக்கொண்டார். அவர்கள் குடிசைக்குள் போக ஆள் கிடைத்தாயிற்று, ஆனால் அது வேறு ஆள். சுண்ணாம்புச் சுவர் ஆள்சுவர் ஆயிற்று. ரோமாபுரியின் கண்டிப்பும் யேசுசபையின் இணக்கமும் கடைசியில் சந்தித்த இடம் இது.

நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்ப்பது அந்தக் கூட்டத்தின் வாதத்தை. அவர்கள் தங்கள் சுயாதீனத்தைப் பற்றிப் பேசவில்லை. நாங்கள் தேர்ந்தோம், ஆகவே சமம் என்று சொல்லவில்லை. கர்த்தர் எப்படிப்பட்டவர் என்பதைப் பற்றிப் பேசினார்கள். தேர்ந்தெடுக்க எதுவும் கொடுக்கப்படாதவனுக்குச் சுயாதீனத் தத்துவத்தால் என்ன லாபம்? வண்ணானும் அம்பட்டனும் மிராசுதாரும் தன்னைச் சுற்றி வரைந்த கோடுகளையெல்லாம் ஒரு பொருட்டாக மதிக்காத ஓர் ஆட்சி அவனுக்குத் தேவை. நமக்கு அடக்குமுறையாகத் தோன்றும் தேவசித்தம் என்ற கருத்து அவனுக்கு மேல்முறையீட்டுக் கோர்ட்.

இதைக் கண்டபின் பவுலின் ஒன்பதாம் அதிகாரத்தை நான் வேறுமாதிரி படிக்க வேண்டியதாயிற்று. குயவனும் களிமண்ணும் வருவதற்கு முன் அவர் சொல்வது என்ன? ஆபிரகாமின் வம்சத்தில் பிறந்தவர்கள் எல்லோரும் ஆபிரகாமின் பிள்ளைகள் அல்ல. ஏசாவும் யாக்கோபும் ஒரே கர்ப்பத்தில் இருந்தவர்கள். மூத்தவன் உரிமை இளையவனுக்குப் போயிற்று. கடவுள் தம் இஷ்டப்படி தெரிந்துகொள்கிறார் என்று பவுல் அழுத்துவது, பிறப்பின்மேல் உரிமை கொண்டாடுகிறவனை வாயடைக்க. அந்த அதிகாரம் பிறவி மேன்மைக்கு விரோதமாக எழுதப்பட்டது. களிமண் ஒன்றுதான் என்பது உவமையிலேயே இருக்கிறது. குயவனின் உரிமையைப் பேசியவர்கள் களிமண்ணின் ஒருமையைப் பேச மறந்தார்கள்.

மொழியிலும் இதன் தடம் இருக்கிறது. புராட்டஸ்டண்டுகள் கிருபை என்றார்கள். இன்று கத்தோலிக்கர்கள் அருள் என்கிறார்கள். பழைய மங்கள வார்த்தை ஜெபத்தில் இருந்த சொல் பிரியதத்தம், பிரியத்தால் தரப்பட்டது. கர்மத்துக்கு நேர் எதிரான சொல் என்று இதைவிட ஒன்றைக் காட்ட முடியாது. கர்மம் சம்பாத்தியம், பிரியதத்தம் தானம். அந்தச் சொல்லை ஜெபித்த வாய்கள் சுவருக்கு இரு பக்கமும் இருந்தன.

ஆனந்தரங்கப் பிள்ளையோடு முடிக்கிறேன். நைனியப்ப பிள்ளையின் மைத்துனர் மகன் அவர். கனகராய முதலியார் 1746 பெப்ருவரியில் இறந்தபின் அந்தப் பதவிக்குக் காத்திருந்தார். கிறிஸ்தவர்தான் வேண்டும் என்ற பழைய நெருக்கடி மறுபடி எழுந்தது. மதம் மாறாமலே பதவியை அடைந்தார். நாட்குறிப்பு முழுக்க ஜாதகமும் கிரகபலனும் சகுனமும். அதே பக்கங்களில் ஒரு கணக்கரின் துல்லியத்தோடு ஒவ்வொருவரின் நோக்கத்தையும் எடைபோடுகிறார். 1748 செப்டம்பரில், ஆங்கிலேயர் முற்றுகையின்போது, சம்பா கோவிலை அடுத்திருந்த வேதபுரீசுவரர் கோவில் இடிக்கப்பட்டதை அவர் பார்த்து எழுதினார். அந்தச் சுவர்களை இடிக்க யேசுசபையார் தயங்கவில்லை. 1761 ஜனவரி 12இல் பிள்ளை இறந்தார். நான்கு நாளில் ஊர் ஆங்கிலேயர் வசமாயிற்று.

விதியை நம்பிய பிள்ளை கடைசிவரை காரியம் செய்துகொண்டிருந்தார். சுயாதீனத்தைப் போதித்தவர்கள் பிறப்புக்கு முன் கைகட்டி நின்றார்கள். கொள்கையிலிருந்து நடத்தையை வரவழைக்க முடியாது என்று இதற்கு அர்த்தம் சொல்லிவிட்டு எழுந்துபோகலாம். எனக்கு அது போதவில்லை. நம் கதைகளிலும் கவிதைகளிலும் சுதந்திரம் என்று எழுதப்படுகிற ஒவ்வொரு இடத்திலும், அதைச் சொல்கிறவன் சுவருக்கு எந்தப் பக்கம் நிற்கிறான் என்று விமர்சகன் கேட்டாக வேண்டும். 1745இல் பெரிய பாதிரியின் முன் நின்ற அந்தக் கூட்டத்தில் ஒருவர் பெயரும் எனக்குத் தெரியாது. சுயாதீனம் பற்றி இந்த ஊரில் நடந்த வாதங்களில் அவர்களுடையதுதான் கடைசிவரை போன வாதம்.